வேகனுக்கு ஏற்ற டிரெய்லர் எது, டிரெய்லருக்கு ஏற்ற கண்டெய்னர் எது? மாதிரி ரயில்காரர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கோடைக்கும் ஊருக்கு வருவேன். வந்தால் இரண்டு மாதம். வீடு பெரிது, ஆள் இரண்டு பேர். இரண்டாம் கட்டில் எட்டுப் பேர் உட்காரும் பழைய சாப்பாட்டு மேசை சும்மா கிடந்தது. இப்போது அதன்மேல் ரயில் ஓடுகிறது. மேசை தனக்கு எப்போது திரும்பி வரும் என்று வீட்டுக்காரி கேட்பதை நிறுத்திவிட்டார்.

கதை இதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில், பீங்கான் சாடிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் அமெரிக்க ஹெச்ஓ ரயில் செட், அதாவது நிஜத்தை 87-இல் ஒரு பங்காகக் குறைத்த (1:87) மாதிரி. எஞ்சின் ஒன்று, நீளமான தட்டை வேகன் ஒன்று, அதன்மேல் நிற்க லாரி டிரெய்லர் இரண்டு, கடைசியில் சிவப்புக் கபூஸ், அமெரிக்க ரயிலில் கார்டு ஏறும் பெட்டி. தண்டவாளம் துரு; எஞ்சின் ஓடுகிறது. கடைக்காரர் இதை மரப்பாச்சி விலைக்குக் கொடுத்தார்.

ஆசை அடங்கவில்லை. இணையத்தில் ஒருவரிடம் மூன்று கண்டெய்னரும் ஒரு கண்டெய்னர் லாரியும் வாங்கினேன். எல்லாம் 'ஹெச்ஓ' என்றுதான் போட்டிருந்தார். நீளம் அளந்தேன்: ஒன்று 190 மில்லிமீட்டர், ஒன்று 160, ஒன்று 70. 190-ஐ 53 அடிப் பெட்டி என்றும், 160-ஐ 45 அடிப் பெட்டி என்றும், 70-ஐ 20 அடிப் பெட்டி என்றும் கணக்குப் போட்டேன். கணக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. ஆனால் வேகன்மேல் வைத்தால் 190 பெட்டி, அப்பச்சியின் செருப்பைப் பிள்ளை போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது. எங்கே தப்பு?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

நீளத்தை விடுங்கள் ஐயா. அகலத்தைச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

அகலம் அளக்கவே இல்லை. பேரனின் வெர்னியரை எடுத்து இப்போது பார்த்தேன். 190 நீளப் பெட்டி 38 அகலம். 160 நீளப் பெட்டி 32. 70 நீளப் பெட்டி 28. மூன்றும் மூன்று அகலம்! கப்பலில் ஏறும் பெட்டிகள் எல்லாம் ஒரே அகலம் என்றல்லவா நினைத்திருந்தேன்?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

சரியாகத்தான் நினைத்திருந்தீர்கள். கப்பலில் ஏறும் பெட்டி 20 அடியானாலும் 40 அடியானாலும் அகலம் எட்டு அடிதான், 2438 மில்லிமீட்டர். நீளம் மாறும், உயரம் மாறும், அகலம் மாறாது. எனவே 2438 என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, கையிலுள்ள பெட்டியின் அகலத்தால் வகுங்கள்.

2438-ஐ 38-ஆல் வகுத்தால் 64. உங்கள் பெரிய பெட்டி 1:64. அது 53 அடிப் பெட்டியே இல்லை. 40 அடிப் பெட்டி. 12,192 மில்லிமீட்டரை 64-ஆல் வகுத்துப் பாருங்கள், 190 வரும். ஹெச்ஓவில் 53 அடிப் பெட்டி 185. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடுமா? அங்கேதான் ஏமாந்தீர்கள்.

32-ஆல் வகுத்தால் 76. இரண்டாவது, பிரிட்டிஷார் பழக்கத்தில் வந்த ஓஓ அளவு. அதுவும் 40 அடிப் பெட்டிதான். ஹெச்ஓவின் 45 அடிப் பெட்டி 157 என்பதால் அப்படித் தோன்றியிருக்கிறது. 28-ஆல் வகுத்தால் 87. உங்களிடம் இருக்கும் உண்மையான ஹெச்ஓ அந்தச் சின்ன 20 அடிப் பெட்டி ஒன்றுதான்.

நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன். நீளம் பொய் சொல்லும். பெட்டி 20, 40, 45, 48, 53 என்று பல நீளங்களில் வருவதால், எந்த அளவுக் குறைப்பை எடுத்தாலும் ஏதோ ஒரு நீளம் ஒத்துப்போகும். பொய் சொல்ல அகலத்துக்கு இடமே இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குள்ளேயே ஓடும் 48, 53 அடிப் பெட்டிகள் எட்டரை அடி அகலம், அதாவது 2591. ஹெச்ஓவில் கிட்டத்தட்ட 29.7. அப்படி ஒன்று கையில் கிடைத்து 2438-ஐ வகுத்தால் 82 வரும். அந்த அளவில் யாரும் ரயில் செய்வதில்லை. 82 வந்தால் 'இது அமெரிக்க உள்நாட்டுப் பெட்டி' என்று புரிந்துகொள்ளலாம்.

பள்ளத்தூர் பையன் எழுதியது:

அண்ணன் சொன்னதைக் கேட்டு என் அலமாரியைத் திறந்து அளந்தேன். திறந்திருக்கவே கூடாது. ஒன்பது பெட்டியில் ஆறு 1:64. எல்லாவற்றையும் ஹெச்ஓ என்றுதான் வாங்கினேன். விற்றவர் இப்போது பதில் போடுவதில்லை.

லாரி ஷெட் மகன் எழுதியது:

பெட்டியை அளந்தாயிற்று. லாரியை யார் அளப்பது? ஐயாவின் லாரியும் அதே பொட்டலத்தில் வந்தது என்றால் அதுவும் 1:64 ஆகத்தான் இருக்கும்.

பெட்டி இல்லாத லாரிக்கு டயர்தான் சாட்சி. எங்கள் ஷெட்டில் 10.00-20 டயரை நிறுத்தி வைத்தால் வேட்டி கட்டும் இடம்வரை வரும். விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஹெச்ஓவில் 12 மில்லிமீட்டர், ஓஓவில் 14-ஐ நெருங்கும், 1:64-இல் 16-க்கு மேல். புதிய லாரிகளின் டயரும் இதைவிட்டு அதிகம் விலகாது. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் டயரைக் கொஞ்சம் கொழுக்க வைப்பார்கள், அதைத் தள்ளிக் கணக்கிடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. லாரிமேல் இருக்கும் பெட்டியும் ரயில்மேல் இருக்கும் பெட்டியும் ஒரே மட்டத்தில் நிற்கக் கூடாது. ரயில்வேயின் கண்டெய்னர் நிறுவனமான கான்கார் ஓட்டும் பெட்டி ரயில்களில் உள்ள பிஎல்சி என்ற தட்டை வேகனின் தளம் தண்டவாளத்திலிருந்து 1009 மில்லிமீட்டர்தான். வேண்டுமென்றே தாழ்த்திச் செய்தது. கண்டெய்னர் சுமக்கும், வெறும் சட்டம் மட்டுமே உள்ள எலும்புக்கூடு டிரெய்லரின் சட்டமோ தரையிலிருந்து ஒன்றே கால் மீட்டருக்குக் குறையாது, ஒன்றரைகூட வரும். ஆகவே, ஹெச்ஓவில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் லாரிமேல் உள்ள பெட்டி மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். பலர் மேசையில் இது தலைகீழாக இருக்கிறது: வேகன் கழுத்தை நீட்டிக்கொண்டும் லாரி குந்திக்கொண்டும் நிற்கும். அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ உறுத்துகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

அளவு ஒரு பாதி. ஆண்டு மறு பாதி. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே!

கானாடுகாத்தானுக்குக் கிடைத்த செட்டில் தட்டை வேகனும் டிரெய்லரும் கபூஸும் இருக்கின்றன. டிரெய்லர் 140 மில்லிமீட்டர் நீளம், 28 அகலமா என்று பாருங்கள். ஆம் என்றால் அவை 40 அடி டிரெய்லர்கள். அமெரிக்காவில் டிரெய்லரை ரயிலில் ஏற்றுவதற்கென்றே டிரெய்லர் டிரெயின் கம்பெனி 1955-இல் உருவானது. வேகன் முதலில் 75 அடி, பிறகு 85, பிறகு 89 என்று வளர்ந்தது. எதற்காக வளர்ந்தது? 40 அடி டிரெய்லர் இரண்டைச் சுமக்க. அடுத்து டிரெய்லர் 45 அடிக்கு நீண்டது. இரண்டை ஏற்றினால் 90. வேகனின் முனையைத் தாண்டிச் சற்றே நீட்டிக்கொண்டு போனது. 1982-இல் சட்டம் வந்து 48 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் நாடு முழுவதும் செல்லும் என்றானது. அத்துடன் இரட்டை டிரெய்லர் கணக்கு உடைந்தது. 53 அடி பரவியது அதற்கும் பின்னால்.

டிரெய்லர் ஒவ்வொரு முறை நீளும்போதும் வேகன்காரன் தலையில் கை வைத்திருக்கிறான். இந்தத் துரத்தலை மேசையில் காட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி. 40 அடி டிரெய்லருக்குப் பக்கத்தில் 53 அடி கண்டெய்னரை வைத்தால், கறுப்பு வெள்ளைக் காலத்துக் கல்யாண போட்டோவில் ஒருவர் மட்டும் கைப்பேசியோடு நிற்பதுபோல.

இன்னொரு விஷயம். டிரெய்லர் ஏற்றும் வேகனில் மடித்து நிமிர்த்தும் முட்டுக்கால் ஒன்று இருக்கும். டிரெய்லரின் மூக்கடியில் உள்ள கிங்பின் என்ற இரும்பு முளை அதில் பூட்டிக்கொள்ளும். கண்டெய்னர் வேகனில் அது வேண்டாம். நான்கு மூலைக்கும் இருக்கை வேண்டும். வெறும் தளத்தில் கண்டெய்னரைத் தூக்கி வைத்து 'ஏற்றியாயிற்று' என்றால், முதல் வளைவிலேயே பெட்டி இறங்கிப் போய்விடும். நிஜத்திலும் சரி, மேசையிலும் சரி.

கல்லல் கார்டு எழுதியது:

நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா? முப்பத்து நான்கு வருடம் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி பிடித்தவன். பாதிக் காலம் மீட்டர் கேஜில்.

எல்லாரும் கண்டெய்னர் கண்டெய்னர் என்கிறீர்கள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்கா? திருச்சியிலிருந்து வரும் பாதையில் திருமயத்துக்கு அடுத்து 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. அதைச் செய்யலாமே? நான் பார்த்த காலத்தில் எங்கள் பாதையில் லாரியும் வேகனும் சந்தித்த இடம் கூட்ஸ் ஷெட் வாசல். மூட்டை முதுகில் ஏறும், முதுகிலிருந்து லாரியில் ஏறும். பெட்டி கிடையாது, கிரேன் கிடையாது. மரப் பலகை அடித்த லாரி, இரும்புக் கதவு வேகன், நடுவில் மனிதன்.

1930-களில் பாதை வந்த புதிதில் என் ஐயா இங்கே சுமை தூக்கியவர். பர்மாத் தேக்கு வந்த கதையைச் சொல்வார். இன்றைக்கு நீங்கள் கை வைத்துப் பார்க்கும் தூண்களில் சில அவர் தோள் கண்டவை.

பள்ளத்தூர் பையன் எழுதியது:

கார்டு ஐயா, அதே தூண்கள் இப்போது கண்டெய்னரில் ஏறிப் போகின்றன. இடித்த வீட்டின் கதவும் நிலையும் தூணும் வைக்கோல் சுற்றி 40 அடிப் பெட்டியில் அடைபடுவதை நான் பார்த்தேன். லாரி தெருவுக்குள் திரும்ப முடியாமல் முக்கில் நின்றுகொண்டது. ஆட்கள் தோளில்தான் கொண்டுபோய் ஏற்றினார்கள். ஒரு மேசையில் இரண்டு காலத்தையும் காட்டக் கூடாதா?

கல்லல் கார்டு எழுதியது:

இரண்டு மேசை போடு.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

கார்டு ஐயாவின் பேச்சை ஒதுக்க முடியாது. ஆனால் மீட்டர் கேஜுக்குப் போனால் தண்டவாளமே மாறும். 1:87-இல் மீட்டர் கேஜ் 11.5 மில்லிமீட்டர், கடையில் கிடைப்பது 12, அது போதும். அகலப் பாதை 1676, ஹெச்ஓவில் 19.2 வர வேண்டும். நாம் எல்லாரும் ஓட்டுவதோ 16.5. அது அமெரிக்க, ஐரோப்பியப் பாதையின் 1435. நம் ரயிலை ஹெச்ஓ தண்டவாளத்தில் ஓட்டும் ஒவ்வொருவரும் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் பொய்யோடுதான் வாழ்கிறோம். பெட்டி அகலத்தில் நான்கு மில்லிமீட்டருக்குப் பஞ்சாயத்து வைக்கும் நாம் இதை மட்டும் கண்டுகொள்வதில்லை.

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

அது வேறு, இது வேறு. தண்டவாள அகலத்தை யாரும் மேலிருந்து பார்ப்பதில்லை, வேகன் மூடிக்கொள்கிறது. பெட்டியும் லாரியும் அருகருகே நிற்கின்றன. கண் தானாக ஒப்பிட்டுவிடும். எங்கே ஒப்பிடுமோ அங்கே சரியாக இருந்தால் போதும் என்பது என் கட்சி.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

உங்கள் கட்சியில் நான் இல்லை. ஆனால் 19 மில்லிமீட்டர் தண்டவாளம் கையால் அடிக்க எனக்கும் பொறுமை இல்லை. மேலே போவோம்.

நம் நாட்டுப் பெட்டி ரயில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கால வரிசை: ரயில்வே 1966-லேயே சொந்தப் பெட்டிகளை வைத்துச் சரக்கு எடுத்தது. கப்பலில் வரும் சர்வதேசப் பெட்டி உள்நாட்டுக்குள் ரயிலில் முதன்முதலாகப் போனது 1981-இல், பெங்களூருக்கு. கான்கார் 1988-இல் பதிவாகி, 1989 நவம்பரில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு என்று சொல்லிக்கொண்டு கான்கார் பெயர் எழுதிய பெட்டியை வைக்காதீர்கள். யாராவது ஒரு பையன் கண்டுபிடித்துவிடுவான்.

பிஎல்சி வேகன் ஐந்து ஐந்தாகக் கோத்தது. இரு ஓரத்தில் ஏ, நடுவில் மூன்று பி. ஏ வேகனின் வெளி முனையில் மட்டுமே கப்ளிங். உள்ளே நான்கு இணைப்பும் ஆடாத கம்பி. மாதிரி செய்பவனுக்கு இது வரம்: ஐந்து வேகனுக்கு இரண்டே கப்ளிங் வாங்கினால் போதும். ஒவ்வொரு வேகனிலும் 40 அடி ஒன்று அல்லது 20 அடி இரண்டு. முழு ரயில் 45 வேகன். மேசைக்கு ஐந்து போதும், பத்து வைத்தால் எஞ்சின் அழும்.

இரண்டடுக்கு ஆசை இருந்தால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இரண்டடுக்குப் பெட்டி ஓடுவது குழிந்த வேகனில். கீழ்ப்பெட்டி சக்கரங்களுக்கு நடுவே தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். நம் மேற்குச் சரக்குப் பாதையில் சாதாரணத் தட்டை வேகன்மேலேயே ஒன்றன்மேல் ஒன்று. பாதை அகலம், தாங்குகிறது. மின்கம்பியைத்தான் ஏழரை மீட்டருக்கு உயர்த்த வேண்டியிருந்தது. ஹெச்ஓவில் அது 86 மில்லிமீட்டர். உயரம் கூடிய ஹைகியூப் பெட்டி இரண்டை அடுக்கினால் தண்டவாளத்திலிருந்து 78. 2021 ஜனவரியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீள இரண்டடுக்கு மின்ரயில் அங்கே ஓடியது. அமெரிக்கக் குழி வேகனை வாங்கி நம் எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினால் அது நம் ரயில் ஆகாது.

அமெரிக்க அடுக்குக்கு ஒரு விதி: 20 அடிப் பெட்டி மேலே ஏறாது. கீழே தொட்டியில் 20 இரண்டு, மேலே 40 ஒன்று, இப்படித்தான். 53 அடிப் பெட்டி 40-இன் மேல் உட்காரும், ஏனென்றால் அதன் தூக்கு முனைகள் 40 அடி இடத்தில்தான் இருக்கின்றன. தலைகீழாக அடுக்கிய படங்களைத் தினமும் பார்க்கிறேன்.

லாரி ஷெட் மகன் எழுதியது:

கண்டெய்னரே வேண்டாம், லாரியையே வேகனில் ஏற்றலாம் என்பவர்களுக்குக் கொங்கண் ரயில்வே இருக்கிறது. 1999-இலிருந்து கோலாட்–வெர்ணா இடையே சரக்கு லாரிகள் அப்படியே தட்டை வேகன்மேல் ஏறிப் போகின்றன. டிரைவரும் கிளீனரும் லாரிக்குள்ளேயே. ஏற்றுமுன் உயரச் சட்டத்துக்குக் கீழே லாரியை விட்டுப் பார்ப்பார்கள். முட்டினால் ஏற்ற மாட்டார்கள். மேசையில் இரண்டு தீக்குச்சியும் ஒரு நூலும் போதும், அந்தச் சட்டம் செய்ய. நம்மூர் லாரி மாதிரிக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் கிடையாது.

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

எழுத்து ஒட்டும்போதும் கவனம். பெட்டியின் பக்கத்தில் நான்கு எழுத்து, ஆறு எண், கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு எண். நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யு'. அதற்குக் கீழே அளவுக் குறி: 22ஜி1 என்றால் 20 அடி, 42ஜி1 என்றால் 40 அடி, 45ஜி1 என்றால் 40 அடி ஹைகியூப். ஹைகியூப் ஒன்பதரை அடி உயரம், ஹெச்ஓவில் 33 மில்லிமீட்டர். சாதாரணம் எட்டரை, கிட்டத்தட்ட 30. நண்பர் ஒருவர் 30 உயரப் பெட்டியில் 45ஜி1 ஒட்டி, மேல்முனையில் மஞ்சள் கறுப்பு எச்சரிக்கைப் பட்டையும் போட்டிருந்தார். 'ஆச்சி, அழகாக இருக்கிறதா' என்று கேட்டார். அழகாகத்தான் இருந்தது.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

மூன்று நாளாக எல்லாவற்றையும் படித்து, அளந்து, நேற்று ஒரு முடிவுக்கு வந்தேன்.

செட்டில் வந்த டிரெய்லர் இரண்டும் 140-க்கு 28. ஆச்சி சொன்னபடி 40 அடி டிரெய்லர்கள். வேகன் 311 மில்லிமீட்டர், அதாவது 89 அடி. முட்டுக்கால் இரண்டும் இருந்தன, ஒன்று ஒடிந்திருந்தது. பித்தளைக் கம்பியை வளைத்து ஒட்டினேன். டிரெய்லரின் மூக்கு 'டக்' என்று அதில் உட்கார்ந்தபோது, வீட்டுக்காரி எட்டிப் பார்த்து 'இதற்கா மூன்று நாள்' என்றார்.

வெறும் வேகன் வளைவில் கவிழ்ந்துகொண்டே இருந்தது. எடை போட்டேன், 110 கிராம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் கணக்கு ஹெச்ஓவுக்கு ஒரு அவுன்ஸ், அதற்குமேல் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். என் வேகன் பன்னிரண்டேகால் அங்குலம்; 200 கிராம் வேண்டும். தளத்தின் அடியில் ஈயத் தகடு ஒட்டியபின் விழுவதில்லை. எடையைப் பெட்டிக்குள் போடலாம் என்று முதலில் நினைத்தேன்; பெட்டியை இறக்கினால் வேகன் மறுபடி பஞ்சாகிவிடும்.

1:64 பெட்டியையும் லாரியையும் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன். ஆத்தங்குடித் தரையில் அதற்கு நல்ல சாலை கிடைத்திருக்கிறது. பூக்கோலக் கல்லில் திரும்ப வேண்டும், கரைக் கல்லில் நிறுத்த வேண்டும் என்று அவனே விதி வைத்திருக்கிறான். ஓஓ பெட்டியைப் பள்ளத்தூர் தம்பி கேட்டால் தருகிறேன். 20 அடிப் பெட்டி மட்டும் தனியாக நிற்கிறது. அதற்கு ஒரு பிஎல்சி செய்யப் போகிறேன், மேசையின் மறு ஓரத்தில், வேறு காலமாக.

கல்லல் கார்டு எழுதியது:

மறு ஓரத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். கூட்ஸ் ஷெட் ஒன்று அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன்.

அது இருக்கட்டும். இவ்வளவு பேர் இவ்வளவு அளந்தீர்கள். நம்மூர் ரயில் செய்யப் போகிறேன் என்கிறீர்களே, கடைசி வேகனுக்குப் பின்னால் பிரேக் வேன் எங்கே?

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

சிவப்புக் கபூஸ் இருக்கிறதே ஐயா?

கல்லல் கார்டு எழுதியது:

அதில் நான் ஏற மாட்டேன்.